தவறிட்டாரு

குளிர்பெட்டியின் வயர் பிளக்குவரை எட்டவில்லை. ரபீக்கும் இன்னும் இரண்டு ஆட்டோக்காரர்களும் சேர்ந்து பெட்டியை ஒரு முழம் நகர்த்தினார்கள். அங்கே இருந்த ஒரே பிளக்கில் வேணுவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ரபீக் அதைப் பிடுங்கிப் பச்சையம்மாளின் கையில் கொடுத்துவிட்டு வயரைச் சொருகினான். பெட்டி ஒரு உறுமல் உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குக் கீழே வேணு நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் பார்த்தால் எங்கேயோ கல்யாணத்துக்குக் கிளம்பிய மனுஷன் மாதிரி இருந்தது.

"தொண்ணூத்தாறு பர்சன்ட் ஏறிடுச்சி அண்ணி, போதும்," என்றான் ரபீக்.

காலை ஆறேகாலுக்கு வேணு வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரத்துணியைக் கையில் வைத்தபடியே பின்சீட்டில் உட்கார்ந்து, "பச்ச, கொஞ்சம் தண்ணி குடு," என்றார். பச்சையம்மாள் சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ரபீக் அதே ஆட்டோவில் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டிய மனுஷன் தன் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தார். நாற்பத்தொன்பது வயசு.

ஒன்பது மணிக்கு வேணுவின் அண்ணன் வேடியப்பன் கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் ஆளாக வந்தார். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, துண்டால் மூக்கைத் துடைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"பொண்ணுக்குச் சொல்லிட்டியாம்மா?"

"இல்ல மாமா."

"இன்னும் சொல்லலையா! இன்னா பண்ணிகினு இருக்கீங்க எல்லாரும்?"

"அங்க இப்ப விடியக்காலம். அஞ்சரை மணி. தூங்கிகினு இருப்பா."

"தூங்கினா இன்னா? எழுப்பிச் சொல்லு. பெத்த அப்பன் போயிட்டான். புள்ள கெளம்பி வரட்டும். ரெண்டு நாள் ஆனாலும் பொட்டியில வெச்சிருப்போம்."

"சொல்லக் கூடாது மாமா," என்றாள் பச்சையம்மாள். "ரெண்டு மணி வரைக்கும் யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். புருஷன் செத்து மூன்று மணி நேரம்கூட ஆகாதவள் மச்சாண்டாரிடம் இப்படிப் பேசுவதை அவர்கள் பார்த்ததில்லை. பச்சையம்மாளே பார்த்ததில்லை.

அவர்களின் ஒரே பெண் நந்தினி ஜெர்மனியில் இருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. செங்கம் ரோட்டில் அவள் படிக்கும் பள்ளிக்கும் அங்கே ஒரு பள்ளிக்கும் ஒப்பந்தம். அங்கிருந்து ஆறு பிள்ளைகள் இங்கே வந்து ஆறு வீடுகளில் தங்குவார்கள், இங்கிருந்து ஆறு பேர் அங்கே போய் அதே பிள்ளைகளின் வீடுகளில் தங்குவார்கள். பாஷை படிக்கிறவர்கள் அந்தப் பாஷை பேசும் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும் என்று ஏற்பாடு. பொங்கல் சமயத்தில் லேனா என்ற பெண் வந்து இவர்கள் வீட்டில் மூன்று வாரம் இருந்தாள். பாய் போட்டுப் படுத்தாள், வேணுவை அப்பா என்று கூப்பிட்டாள், மிளகாய்ப்பொடியோடு ஆறு இட்லி சாப்பிட்டாள். இப்போது, ஜூன் மாதத்தில், நந்தினி லேனாவின் வீட்டில்.

அவளை அனுப்பக் கூடாது என்று அன்றைக்கே குதித்தவர் வேடியப்பன்தான். "வயசுப் பொண்ண எவனோ ஒருத்தன் வூட்ல கொண்டு போயி மூணு வாரம் வுடுவானா ஒருத்தன்? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா?" என்று இதே கூடத்தில் நின்று கத்தினார். வேணு சிரித்துக்கொண்டே, "அவங்க பொண்ண நம்ம வூட்ல வுட்டாங்களே அண்ணே, நாம இன்னா அத தின்னுட்டமா?" என்றார். அதற்கு மேல் அண்ணனிடம் வாதாடவில்லை. மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது பச்சையம்மாளைப் பயமுறுத்தியது. குடும்பத்தில் துக்கம் நடந்தால் மாணவியை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. பிள்ளைகளோடு போயிருக்கும் கலையரசன் சாருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் நல்ல மனுஷர், அழுதுகொண்டே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். இன்றைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு, அங்கே காலை பத்தரைக்கு, நந்தினி அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் முந்நூறு பேர் முன்னால் ஜெர்மனில் பேச வேண்டும். ஆறு பேரில் அவளை மட்டும்தான் அதற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைப்பு, என் வீடு.

வேணு அதை ஒரு மாதமாக ஊர் பூராவும் சொல்லியாகிவிட்டது. சவாரி ஏறியவர்களிடம் சொன்னார், பெட்ரோல் போட்டவனிடம் சொன்னார். சிக்னலில் பக்கத்து வண்டியிடமும் சொன்னார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் நந்தினியின் போட்டோ போட்டு ஒரு பிளக்ஸ் வைக்கச் சொல்லித் தொந்தரவு பண்ண, வைக்கவும் வைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஒன்றரை மணிக்கு மேல் சவாரி எடுப்பதில்லை என்று நேற்றே அறிவித்திருந்தார். கலையரசன் சார் ஹாலிலிருந்தே வீடியோ கால் போடுவதாக ஏற்பாடு.

"மாமா, இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவரு அதப் பாக்கணும்னு இருந்தாரு. பாக்கட்டும்," என்றாள் பச்சையம்மாள்.

"போனவனுக்கு ஏதும்மா கண்ணு?"

"நாலு மணிக்கு எடுக்கலாம் மாமா. அது வரைக்கும் அவரு இந்த வூட்லதான இருக்காரு?"

வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். கோபம் என்றால் அவர் அப்படித்தான் போவார்.

பெண்ணுக்குச் சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் சொல்லும்போது அவள் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே! தெரியாத ஊரில், தெரியாத ஜனங்களுக்கு நடுவில் குழந்தை தனியாக நின்று அதைக் கேட்கக் கூடாது. பச்சையம்மாளுக்கு லேனாவின் அம்மா பிர்கிட் ஞாபகம் வந்தாள்.

இரண்டு அம்மாக்களும் ஜனவரியிலிருந்து போனில் எழுதிக்கொள்கிறவர்கள்தான். இவள் தமிழில் எழுதினால் அந்தம்மாவின் போன் அதை ஜெர்மன் ஆக்கிக்கொள்ளும். அந்தம்மா ஜெர்மனில் எழுதினால் இங்கே தமிழாக வரும். எப்படித் தமிழாக வரும் என்பது வேறு விஷயம். நந்தினி அங்கே போன மூன்றாம் நாள், "உங்கள் மகளைத் தின்றுவிடும் அளவுக்கு எங்களுக்குப் பிடித்திருக்கிறது," என்று ஒரு செய்தி வந்தது. பச்சையம்மாள் அலறிவிட்டாள். வேணுதான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அடி போடி, அது பாசம். செல்லம் கொஞ்சறாங்க. அவங்க பாஷையில அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்று விளக்கினார். இருபத்திரண்டு வருஷமாக ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியதில் அவருக்கு ஜெர்மன் பேச வந்தது. இலக்கணம் கம்மி, தைரியம் ஜாஸ்தி.

சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொண்டு பச்சையம்மாள் எழுத ஆரம்பித்தாள். செத்துட்டாரு என்று எழுத விரல் வரவில்லை. கட்டின புருஷனைப் பற்றி எவள் அப்படி எழுதுவாள்? காலமானார் என்பது போஸ்டரில் போடுவது. வாயில் எது வருமோ அதையே எழுதினாள்.

'பிர்கிட் அம்மா, நந்தினி அப்பா இன்னிக்குக் காலைல தவறிட்டாரு. நந்தினிக்கு இப்ப சொல்லாதீங்க. அவ பேசி முடிக்கட்டும். முடிச்சதும் நீங்க அவ பக்கத்துல இருங்க.'

அனுப்பிவிட்டு வந்து பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பதில் வந்தபோது மணி பத்தேகால். வேணுவின் அத்தை எல்லம்மாள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளுக்கு நடுவில் போனைச் சாய்த்துப் பச்சையம்மாள் படித்தாள்.

'அன்பான பச்சையம்மாள், இதைக் கேட்டு வருந்துகிறேன். ஆனால் எல்லா ஆண்களும் தவறு செய்கிறார்கள். என் கணவர் பல முறை தவறியிருக்கிறார். வேணு ஒரு நல்ல மனிதர். இந்த ஒரு முறை அவரை மன்னித்து விடுங்கள். நந்தினியிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். வலுவான அணைப்புகள்.'

முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது மூக்கு நுனிவரைக்கும் கோபம் வந்தது. என் புருஷன் என்ன தப்புப் பண்ணினார்? ஒரு பீடி குடித்ததில்லை, ஒரு பொய் மீட்டர் போட்டதில்லை, இந்த அம்மா யார் மன்னிக்கச் சொல்ல? மூன்றாம் தடவைதான் விளங்கியது. பிர்கிட்டின் புருஷன் பல முறை தவறியிருக்கிறாராம்! பச்சையம்மாளின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புதான். ரபீக்கின் மனைவி மெஹ்ருன்னிசா அழுகை என்று நினைத்து, "அழு அக்கா, நல்லா அழுதுடு," என்று இந்தப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டாள். சிரிப்பு அப்படியே அழுகையாகப் போய்விட்டது. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியவர் ஒரே ஒருத்தர், அவர் கண்ணாடிக்குக் கீழே இருந்தார்.

மறுபடி எழுதி விளக்கிவிடலாமென்று போனை எடுத்தாள். 'இறந்துட்டாரு' என்றுகூட அடித்துவிட்டாள். அப்புறம் நிறுத்தினாள். பிர்கிட் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தை மறைக்கத் தெரியாதவள், இங்கிருந்து லேனா கிளம்பிய அன்றைக்கு வீடியோவில் தேம்பித் தேம்பி அழுதவள். செத்துப்போனார் என்று தெரிந்தால் அந்த மூஞ்சியைப் பார்த்தே நந்தினி கண்டுபிடித்துவிடுவாள். தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அடித்த எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். அந்த ஊரில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், ஏதோ ஒரு தப்புப் பண்ணிவிட்டுப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இன்னும் நாலு மணி நேரம் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும்.

பத்தே முக்காலுக்கு வேணுவின் போன் முனகியது. நந்தினி பேசி அனுப்பியிருந்தாள். பச்சையம்மாள் சமையல்கட்டுக்கு ஓடிப்போய்க் காதில் வைத்துக் கேட்டாள்.

"அப்பா, இன்னிக்கு இன்னா குட்டன் மோர்கன் வரல? மறந்துட்டியா? பயமா இருக்குதுப்பா. லேனா அவ ஷர்ட்ட குடுத்துக்கீறா, நீலக் கலரு. ரெண்டு மணிக்கு ரெடியா இரு, சரியா?"

தினமும் காலையில் அவர் 'குட்டன் மோர்கன், நந்தினி' என்று ஜெர்மனில் காலை வணக்கத்தைப் பாட்டுப் போல இழுத்துப் பேசி அனுப்புவார். இன்றைக்கு வரவில்லை. ஒன்றும் பதில் போகாவிட்டால் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடும். பச்சையம்மாள் தன் விரலால் அவர் போனில் அடித்தாள்: 'சவாரில இருக்கேன். தைரியமா பேசு.' அனுப்பிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல வருமென்று அவளுக்கே தெரியாது.

பன்னிரண்டு மணிக்கு மேளக்காரர்கள் வந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து மாலை வந்தது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வந்தது. அதைத் தெருமுனையில் கட்டும்போது, ஸ்டாண்டிலிருந்த நந்தினியின் பிளக்ஸைக் கழற்றட்டுமா என்று யாரோ கேட்க, ரபீக் அவனை அடிக்கப் போய்விட்டான். வேடியப்பன் வாசல் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். "பெத்த பொண்ணுக்குக்கூட சொல்லாம வெச்சிருக்கா. நான் சொன்னா கேக்கறாளா? பேச்சாம் பேச்சி. அப்பன் போனதவிட இன்னாய்யா பெரிய பேச்சி?" எல்லாம் பச்சையம்மாள் காதில் விழுந்தது. அவர் சொல்வது தப்பென்று அவளால் நினைக்க முடியவில்லை. நாளைக்கு நந்தினியே, ஏம்மா சொல்லல, ஏம்மா மறைச்ச என்று கேட்டுவிட்டால்? வாழ்நாள் பூரா கேட்டுக்கொண்டே இருந்தால்? ஆனாலும் அவள் அசையவில்லை.

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேணுவின் போனைப் பெட்டியின் கண்ணாடி மேல், மாலைகளுக்கு நடுவில், அவர் முகத்துக்கு நேராகச் சாய்த்து வைத்தாள். ரபீக் உட்கார்ந்து ஏதோ பட்டனை அமுக்கினான்.

"நம்ம பேச்சு அங்க கேக்காத மாதிரி பண்ணிட்டேன் அண்ணி. ஆனா கேமரா இருக்குதே. கூட்டம், மாலை எல்லாம் தெரிஞ்சிடும். ஏதாச்சும் ஒட்டணும்."

பிளாஸ்திரி தேடினார்கள். கிடைக்கவில்லை. பச்சையம்மாள் தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து, போனின் சின்னக் கண் மேல் வைத்து அழுத்தினாள்.

கூடம் திக்கென்று ஆனது. "அடியே! அத எடுக்கறதுக்கு நாள் கிழமை இருக்குதுடி!" என்று எல்லம்மாள் மார்பில் அறைந்துகொண்டாள். பச்சையம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. போன் அடித்தது.

திரையில் ஒரு பெரிய மேடை. நடுவில் லேனாவின் நீலச் சட்டையில் நந்தினி, எண்ணெய் வைத்துப் பின்னிய ஒற்றைச் சடையோடு. வாசலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது, ஒரு எழுத்துக் கேட்கவில்லை. பச்சையம்மாள் நிறுத்தச் சொல்ல எழுந்தாள். பிணத்துக்குத் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்து போகக் கூடாதென்று நாலு கை அவளைப் பிடித்து உட்கார வைத்தன.

"ஏம்பா, நிறுத்துங்க!"

வாசலிலிருந்து வந்த குரல் வேடியப்பனுடையது. "சித்த நேரம் நிறுத்துங்கப்பா. எங்க புள்ள பேசுது."

மேளம் நின்றது. ரபீக் வெளியே ஓடி வேணுவின் ஆட்டோவிலிருந்த ஸ்பீக்கரைப் போட்டு, ப்ளூடூத்தில் போனை இணைத்தான். பாட்டுப் போட வேணு ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய ஸ்பீக்கர் அது. அதிலிருந்து நந்தினியின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. மேளக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி பேசறா?" என்று எல்லம்மாள் ரகசியமாகக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும் அத்த?" என்றாள் பச்சையம்மாள். "புரியறவரு ஒருத்தருதான் இருந்தாரு. இதோ, கேட்டுகினு இருக்காரு."

ஆனால் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம் அவளுக்கு மனப்பாடம். அவள் கிளம்பும்வரை வீட்டில் அதுதானே ஓடியது. மகள் சொல்லச் சொல்ல, அப்பா பல் தேய்த்துக்கொண்டே திருத்துவார். அப்பாவின் ஆட்டோ ஜெர்மனை மகள் திருத்துவாள். 'மைன் ஃபாட்டர் ஹாட் ஐன் ஆட்டோ' என்று வந்தது. எங்கப்பாவிடம் ஒரு ஆட்டோ இருக்கிறது. அவர்கள் பாஷையில் ஆட்டோ என்றால் கார். அங்கே நந்தினி கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆனால் அதற்குச் சக்கரம் மூணுதான் என்பாள். ஜெர்மன்காரர்கள் முதல் தடவை தன் வண்டியைப் பார்த்து முழிப்பதை வைத்து வேணு சேர்த்த வரி அது. "இங்க பாரு, இந்த எடத்துல சிரிக்கலன்னா அவனுங்க ஜெர்மன்காரனே இல்ல," என்று சவால் விட்டிருந்தார்.

நந்தினி நிறுத்தினாள். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். மறந்துவிட்டாளா? சொல்லுடி, சொல்லுடி என் கண்ணே, மூணு சக்கரம், சொல்லு.

நந்தினி நிமிர்ந்து சொன்னாள். ஹால் முழுவதும் சிரித்தது. முந்நூறு பேர் சிரிப்பும் ஆட்டோ ஸ்பீக்கர் வழியாக அந்தச் சந்துக்குள் வந்து கொட்டியது. துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒன்றும் புரியாமலே அவர்களும் சிரித்துவிட்டார்கள். பச்சையம்மாள் கண்ணாடியைத் தட்டினாள். "சிரிச்சிட்டாங்க! கேட்டுச்சா? நீ சொன்ன மாதிரியே சிரிச்சிட்டாங்க!" என்றாள். அவரை வாழ்க்கையில் முதல் தடவையாக நீ என்று கூப்பிட்டுவிட்டது அவளுக்குத் தெரியவில்லை.

கைதட்டல் ஓயவே இல்லை. எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். கலையரசன் சாரின் போன் ஆடியது, பிறகு கட் ஆனது.

இப்போது சொல்ல வேண்டும். காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வார்த்தைகளைப் பச்சையம்மாள் மனசுக்குள் தேடினாள். ஒன்றும் இல்லை. அதற்குள் போன் மறுபடி அடித்தது. நந்தினியே கூப்பிட்டாள். ரபீக் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் கொடுத்தான். நந்தினி ஏதோ படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, ஏன் இருட்டா இருக்குது? கேமராவத் தொற. அப்பாவக் காட்டு."

"அவரு... சவாரிக்கு..."

"ம்மா." அவள் குரல் உடைந்து, பிறகு சேர்ந்தது. "எனக்குத் தெரியும்மா."

பச்சையம்மாள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அப்பா என்னிக்கும்மா டைப் பண்ணியிருக்காரு? வாய்ஸ்தான போடுவாரு? அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சி. அப்புறம் கார்ல வரும்போது பிர்கிட் ஆன்ட்டி மனசு கேக்காம சொல்லிட்டாங்க. உங்கப்பா ஏதோ தப்பு பண்ணிட்டாரு, உங்கம்மா கோவமா இருக்காங்க, நீதான் சேத்து வைக்கணும்னு. எங்கப்பா இன்னா தப்பு பண்ணாருன்னு அவங்க போன வாங்கிப் பாத்தேன். நீ எழுதன வார்த்தை இருந்துச்சி."

"அப்பவே தெரிஞ்சிடுச்சா?" பச்சையம்மாள் கேட்டாள். "தெரிஞ்சா மேடை ஏறின?"

"நீ பேசி முடிக்கட்டும்னு எழுதியிருந்த இல்ல? நான் யாருக்கும் சொல்லல. ஆன்ட்டிக்கு இன்னும் தெரியாது. சொன்னா அவங்க அழுவாங்க, அப்புறம் என்னால பேச முடியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒரு எடத்துல மட்டும் நின்னுட்டேம்மா. எங்கப்பாகிட்ட ஆட்டோ இருக்குதுன்னு சொன்ன உடனே, இருந்துச்சின்னு மாத்தணுமான்னு தோணிச்சி. மாத்தல. கடைசி வரைக்கும் எல்லாத்தையும் இருக்குது, ஓட்டறாருன்னுதான் சொன்னேன்."

பச்சையம்மாள் போனின் கண்ணிலிருந்து பொட்டை உரித்தாள். எங்கே வைப்பது என்று யோசிக்காமல் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். போனைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பிடித்தாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாளோ தெரியாது. அங்கே மகள் அழுதது கூடம் முழுக்கக் கேட்டது. என் பொண்ணு, என் வயிற்றில் பிறந்தது, இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தது என்று பச்சையம்மாளுக்குள் ஒன்று எழும்பியது. புருஷன் கிடக்கும்போது இப்படி ஒரு பெருமை வரலாமா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அது வந்துவிட்டது.

"என்கிட்ட குடும்மா," என்று வேடியப்பன் கையை நீட்டினார். போனை வாங்கி, பேசுகிற பக்கம் எது என்று தெரியாமல் இரண்டு தரம் திருப்பினார்.

"நந்து, பெரியப்பா."

"சொல்லு பெரியப்பா."

"நல்லா பேசின," என்றார். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா நல்லா பேசின. கெளம்பி வர்றியா?"

"அவங்க அனுப்பறேன்னுதான் சொல்லுவாங்க. வேணாம்னு எழுதிக் குடுக்கறேன். நீயும் சொல்லு பெரியப்பா. இன்னும் ஒம்போது நாள்தான். படிச்சி முடிச்சிட்டுக் காரியத்துக்கு வந்துடுவேன்."

"சொல்றேன். நான் சொல்றேன். எவன் அனுப்பறான்னு பாக்கறேன்," என்றார் வேடியப்பன். காலையில் பேசியவர் வேறு யாரோ என்பது போல.

நாலு மணிக்கு எடுத்தார்கள். வேடியப்பனின் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பின்னால் ஸ்டாண்டு ஆட்டோக்கள் பதினாலும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. வேடியப்பன் பாடைக்குப் பக்கத்தில், போனை நீட்டிப் பிடித்தபடி வந்தார். திரையில் நந்தினியின் பக்கத்தில் இப்போது பிர்கிட் இருந்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் லேனா. விஷயம் தெரிந்து மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். போகும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வேடியப்பன், "தம்பி பொண்ணு. ஜெர்மன்ல பேசிச்சி இன்னிக்கி. முந்நூறு பேரு எழுந்து நின்னாங்க," என்றார்.

சந்து முடிந்து செங்கம் ரோடு திரும்புகிற முச்சந்தியில் பாடையை இறக்கினார்கள். "பொம்பளைங்கல்லாம் நின்னுக்குங்க," என்று ஒரு பெரியவர் கையைக் காட்டினார். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. அதுவரைதான். பெண்கள் நின்றார்கள். பச்சையம்மாள் கடைசியாக ஒரு தரம் அவர் காலைத் தொட்டுவிட்டு எழுந்தாள். பாடை மறுபடி தோளுக்கு ஏறியது. அவள் போனுக்காக வேடியப்பனிடம் கையை நீட்டினாள்.

வேடியப்பன் நீட்டிய கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். நந்தினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போம்மா," என்றார் பச்சையம்மாளிடம். "அவ வரட்டும்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேடியப்பன் காது கொடுக்கவில்லை. மேளம் ரோட்டைத் தாண்டியது. எல்லம்மாள், "வாடி, தலைக்கு ஊத்திக்கணும்," என்று பச்சையம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் நகரவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வேடியப்பனின் கை உயர்ந்து தெரிந்தது. ரோடு பள்ளமாக இருந்த இடத்தில், போன் ஆடாமல் இருக்க, இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவர் மெதுவாக நடந்தார்.